19 ரூபாய் சேனலும் கூடவே வரும் கூட்டமும்

கொல்கத்தாவின் சால்ட் லேக்கில் ஒரு தமிழ்க் குடும்பம் குடியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு சன் டிவி ஒன்றே போதும்; வங்காளத் தொடரும் வேண்டாம், இந்திச் செய்தியும் வேண்டாம். 2019 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகள் இதற்கு வழிவிட்டன. வேண்டிய சேனலுக்கு மட்டும் காசு கட்டலாம். சன் டிவியின் விலை அப்போது மாதம் 19 ரூபாய். ஆனால் பில் அதோடு நிற்கவில்லை. இணைப்புக்கான அடிப்படைக் கட்டணம் அப்போது 130 ரூபாய் வரை இருந்தது. அதோடு சேனலுக்கு 19. மொத்தத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி. ஆக 175 ரூபாய் 82 காசு. சேனல் விலையில் குறைந்தது 20 சதவீதம் விநியோகஸ்தருக்குப் போய்விடுவதால், சன் டிவியின் கைக்கு வருவது அதிகபட்சம் 15 ரூபாய் 20 காசு.

கேபிள்காரர் கொள்ளையடிக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். அந்த 130 ரூபாய் எங்கே போகிறது என்று பார்த்தால் கோபம் கொஞ்சம் தணியும். செயற்கைக்கோளிலிருந்து சிக்னலை வாங்கும் பெரிய ஆண்டெனாக்கள், அதைச் சுருக்கிப் பூட்டி அனுப்பும் கட்டுப்பாட்டு நிலையம், அங்கிருந்து ஒவ்வொரு பிளாக்குக்கும் ஃபைபர், பிளாக்கிலிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பி, மழையில் அறுந்தால் ஏணியோடு வரும் பையன். நீங்கள் ஒரு சேனல் பார்த்தாலும் நூறு பார்த்தாலும் இந்தச் செலவு மாறாது. சொல்லப்போனால் அந்த 130 ரூபாயே ஒரு தொகுப்புதான்: கட்டாயம் தர வேண்டிய தூர்தர்ஷன் சேனல்கள் உட்பட நூறு சேனல்களுக்கான இடம் 2019இல் அதில் அடக்கமாக இருந்தது. 2019 ஜனவரிக் கடைசியில் கொல்கத்தா கேபிள்காரர்கள் உயர் நீதிமன்றப் படியேறியதும் வருமானப் பங்கீட்டுக்காகத்தான். இந்த 130 ரூபாயில் பெரிய விநியோக நிறுவனத்துக்கு 55, தெருக் கேபிள்காரருக்கு 45 சதவீதம் என்று டிராய் வகுத்திருந்தது.

தொகுப்பு விற்பனை முதலில் யாருடைய தந்திரமும் அல்ல, கம்பியின் குறைபாடு. 1990களின் அனலாக் கேபிளில் எல்லாச் சேனலும் எல்லா வீட்டுக்கும் ஒன்றாகவே ஓடின. ஒரு வீட்டுக்கு மட்டும் ஒன்றை நிறுத்த எளிய வழி கிடையாது. செட்-டாப் பாக்ஸ் வந்ததும் அது மாறியது. சிக்னல் பூட்டப்பட்டு வருகிறது. காசு கட்டிய சேனலுக்கு மட்டும் உங்கள் பாக்ஸுக்குச் சாவி அனுப்பப்படுகிறது. 2003இல் சென்னையிலும், 2006 கடைசி நாளில் டெல்லி, மும்பை, கொல்கத்தாவின் சில பகுதிகளிலும் இந்தப் பூட்டு முறை வந்தது. அந்த மூன்று நகரங்களில் கட்டணச் சேனல் ஒன்று 5 ரூபாயைத் தாண்டக் கூடாது என்றும் டிராய் சொன்னது. பிறகு நான்கு பெருநகரங்களிலும் முழு டிஜிட்டலுக்கு 2012 அக்டோபர் 31 கெடு. மேற்கு வங்க அரசு அதை எதிர்த்துக் குரல் கொடுத்தது.

பூட்டும் சாவியும் வந்தபின் தொகுப்பு மறைந்திருக்க வேண்டுமே? மறையவில்லை. காரணத்தை அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்லர் 1963இலேயே எழுதிவிட்டார். அவர் எடுத்துக்கொண்டது தொலைக்காட்சி நிலையங்களுக்கு நல்ல படத்தோடு சுமாரான படத்தையும் சேர்த்து விற்ற வழக்கு. அதை சால்ட் லேக்கின் பிடி பிளாக்குக்குக் கொண்டுவருவோம். ஒரு வீட்டு அம்மா வங்காளச் சேனலான ஸ்டார் ஜல்ஷாவுக்கு 30 ரூபாய் வரை கொடுப்பார், விளையாட்டுச் சேனலுக்கு 10 தான். எதிர்வீட்டு மோகன் பகான் கால்பந்து ரசிகருக்கு நேர்மாறு. தனித்தனியாக 30 ரூபாய்க்கு விற்றால் ஆளுக்கு ஒன்று வாங்குவார்கள், வசூல் 60. விலையை 10 ஆக்கினால் இருவரும் இரண்டையும் வாங்குவார்கள், வசூல் 40. இரண்டையும் கட்டி 40 ரூபாய்க்கு விற்றால் வசூல் 80. கூடுதல் சேனலைக் காட்ட நிறுவனத்துக்கு நயா பைசா செலவில்லை. பார்வையாளர் கூடக் கூட விளம்பரக் காசும் ஏறும்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. ரசனை எதிரெதிராக இருந்தால்தான் இந்த லாபம். எல்லாரும் ஒரே சேனலை ஒரே அளவில் விரும்பினால் கட்டி விற்பதில் பெரிய ஆதாயமில்லை. இருக்கும் ஆதாயத்தில் பெரும்பகுதி விற்பவருக்கே போகிறது என்பதையும் மறைப்பதற்கில்லை. நம் தமிழ்க் குடும்பமோ இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. வங்காளப் பேக் அவர்களுக்கு வெறும் சுமை.

சேனல்காரர்களுக்குத் தொகுப்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த 19 ரூபாயைவிடச் சான்று வேண்டாம். தனியாக விற்கும் சேனலுக்கு டிராய் எந்த உச்சவரம்பும் வைக்கவில்லை. 50 ரூபாய்கூட வைக்கலாம். தொகுப்பில் சேர வேண்டுமானால் மட்டும் 19ஐத் தாண்டக் கூடாது. விளைவு, சன் டிவி, ஸ்டார் ஜல்ஷா, ஜீ பங்ளா என்று முன்னணிச் சேனல்கள் பள்ளிப் பிள்ளைகள்போல 19இல் வரிசைகட்டி நின்றன. தொகுப்புக்குத் தரும் தள்ளுபடியை 15 சதவீதத்தோடு நிறுத்தும் விதியைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. ஆகவே தனிவிலைக் கூட்டுத்தொகையில் 70 சதவீதம் வரை தள்ளுபடி போனதாக டிராயே 2019இல் குறைப்பட்டுக்கொண்டது. தனியாக வாங்குவது முட்டாள்தனமாகத் தெரியும்படி விலை வைத்துவிட்டால், தேர்ந்தெடுக்கும் உரிமை காகிதத்தில்தான் இருக்கும்.

2020இல் டிராய் 19ஐ 12 ஆக்கியது. பெரிய நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. வழக்கு கைகொடுக்காதபோது, 2021 அக்டோபரில் முன்னணிச் சேனல்களைத் தொகுப்பிலிருந்தே உருவி 12க்கு மேல் விலை அறிவித்தன. வேண்டியதை மட்டும் வாங்குபவரின் பில் இறங்குவதற்குப் பதில் ஏறும் நிலை. 2022 நவம்பரில் 19 திரும்பி வந்தது. தொகுப்புத் தள்ளுபடிக்கு 45 சதவீத வரம்பும் கூடவே வந்தது.

மக்களும் தேர்ந்தெடுக்கத் துடித்துக்கொண்டிருக்கவில்லை. 2019இல் எத்தனையோ பேர் பட்டியலை நிரப்பித் தராமல் விட்டதால், அவரவர் மொழிக்கும் பழக்கத்துக்கும் ஏற்ற ஒரு பேக்கைக் கேபிள்காரரே போட்டுவிடலாம் என்று டிராய் இறங்கி வந்தது. அமெரிக்கச் சந்தையைப் பற்றிப் பொருளியலாளர்கள் கிராஃபோர்டும் யுருகோக்லுவும் 2012இல் வெளியிட்ட ஆய்வும் விடுதலைக்கு உறுதி தரவில்லை. தனித்தனி விற்பனை வந்தால் சேனல்கள் விநியோகஸ்தர்களிடம் கேட்கும் தொகை இரட்டிப்பாகும், பார்ப்பவருக்குக் கிடைக்கும் லாபத்தை அது விழுங்கிவிடும் என்பது அவர்கள் கணிப்பு.

சால்ட் லேக் தமிழ்க் குடும்பத்துக்கு இப்போது வேறு வழி இருக்கிறது: கேபிளை விட்டுவிட்டு சன் நெக்ஸ்ட் செயலியைப் போட்டுக்கொள்ளலாம். அதற்கு பிராட்பேண்ட் வேண்டும். பிராட்பேண்ட் திட்டத்தை விசாரித்தால், கூடவே பத்துப் பதினைந்து செயலிகள் சேர்ந்த பேக் ஒன்றை நீட்டுகிறார்கள்.