பழைய வேனில் குடியிருக்க எண்ணுவோர்க்கு

வீடு நிலத்தின்மேல் நிற்பது. வண்டி நிலத்தின்மேல் ஓடுவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக்கொள்ளலாமா என்னும் கேள்வி இன்று நம் நகரங்களில் சிலர் மனத்தில் எழுந்துள்ளது. அயல்நாடுகளில் இது பழைய செய்தி. ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் நிறுவனம் 1950ஆம் ஆண்டில் தன் சிறு வேனை விற்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டிலேயே வெஸ்ட்பாலியா நிறுவனம் அதனுள் படுக்கையும் அலமாரியும் அமைத்துத் தந்தது. அங்கே அது பெரும்பாலும் விடுமுறைக்கால இன்பமாக இருந்தது. நம் நாட்டில் இக்கேள்வி எழுவதற்குக் காரணம் வேறு. அது வீட்டு வாடகை.

பெங்களூருவின் விவேக் நகரை எடுத்துக்கொள்வோம். கோரமங்கலா, ஈஜிபுரம், நீலசந்திரா ஆகிய பகுதிகளை அடுத்து அமைந்துள்ள இந்நகரில் தமிழர் பலர் வாழ்கின்றனர். தொழில் தேடி வரும் இளைஞர் முதலில் நாடும் இடங்களுள் இதுவும் ஒன்று. பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். மாத வாடகை 15,000 ரூபாய் எனக் கொண்டால் முன்பணம் மட்டும் 1,50,000 ரூபாய் ஆகிறது. குடியிருப்பு வீடுகளுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்று மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டம் கூறுகிறது. ஆனால் மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அது நடைமுறைக்கு வரும். இந்நிலையில், ‘இந்தத் தொகைக்கு ஒரு பழைய வேனையே வாங்கி அதில் குடியிருந்துவிட்டால் என்ன?’ என்று ஓர் இளைஞர் கணக்கிடுவது இயல்பே. அக்கணக்குச் சரியா, சரியெனில் எந்த வண்டியை எவ்வாறு தேர்வது என்பதையே இங்கு ஆராய்வோம்.

முதலில், இவ்வாறு செய்து காட்டிய ஒருவரை அறிந்துகொள்வோம். நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் அருண் பிரபு, ஒரு பழைய ஆட்டோ ரிக்‌ஷாவின்மேல் 36 சதுர அடியில் ஒரு சிறு வீட்டை அமைத்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய்ச் செலவில் அமைந்த அவ்வீட்டில் சமையலிடம், குளியலிடம், படுக்கை, வேலை செய்யும் மேசை ஆகியவை இருந்தன. கூரையில் சூரிய மின்தகடுகளும் 250 லிட்டர் நீர்த்தொட்டியும் வைக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டில் தொழிலதிபர் ஆனந்த் மஹிந்திரா இதனைப் பாராட்டி, தம் நிறுவனத்துச் சரக்கு வண்டியின்மேல் இத்தகைய அமைப்பொன்றைச் செய்ய இயலுமா என்று பொதுவில் கேட்டார். இதிலிருந்து நாம் கற்க வேண்டியது யாது? மேலே வைத்த வீடு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டது. வேண்டும்போது கழற்றி இறக்கத்தக்கது. வண்டியையே அறுத்து வீடாக்காமல், வண்டிமேல் வீட்டை ஏற்றியதே அதன் நுட்பம்.

இனி வண்டிகளைக் காண்போம். சிறு வேன்களுள் பலரும் அறிந்தது மாருதி ஆம்னி. 1984ஆம் ஆண்டில் வெளிவந்து 2019ஆம் ஆண்டு வரை உற்பத்தியான இவ்வண்டி, 796 கன சென்டிமீட்டர் அளவுள்ள எஞ்சினைக் கொண்டது. நீளம் ஏறத்தாழ மூன்றேகால் மீட்டர்தான். ஆகையால் குறுகிய தெருவிலும் திரும்பும். பக்கக் கதவுகள் நகர்ந்து திறப்பதால் ஒடுக்கமான இடத்திலும் ஏறி இறங்கலாம். உதிரிப்பாகங்கள் பெங்களூருவின் ஜே.சி. ரோட்டிலும் பிற நகரங்களிலும் கிடைக்கின்றன. பழகிய மெக்கானிக்குகளும் உளர். குறைகளையும் மறைக்கலாகாது. எஞ்சின் முன்னிருக்கைகளின் கீழ் இருப்பதால் நெடுந்தூரம் ஓட்டியபின் உள்ளே வெப்பம் தங்கும். முன்புறம் தட்டையாக இருப்பதால் மோதலின்போது ஓட்டுநரின் கால்களுக்கு முன்னே பாதுகாப்பான இடைவெளி மிகக் குறைவு. புதிய மோதல் பாதுகாப்பு விதிகள் வந்தபோது இவ்வண்டி நிறுத்தப்பட்டமைக்கு இதுவே காரணம். உள்ளே எவரும் நிமிர்ந்து நிற்க இயலாது.

2010ஆம் ஆண்டு முதல் விற்பனையாகும் ஈகோ, இதனினும் பெரியது. எஞ்சின் ஏறத்தாழ 1,200 கன சென்டிமீட்டர். இருவர் குடியிருக்க எண்ணினால் ஆம்னியைவிட ஈகோவே தகும். நிமிர்ந்து நிற்க வேண்டுவோர் டெம்போ டிராவலர் போன்ற உயர்கூரை வண்டிகளை நாடுவர். ஆயின் அவற்றுள் பெரும்பாலானவை வாடகை வண்டிகளாகப் பதிவானவை. மஞ்சள் நிறத் தகடு கொண்ட வண்டிக்குத் தகுதிச் சான்று, வரி, அனுமதி எல்லாம் வேறு. எட்டு ஆண்டு கடந்தால் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். விவேக் நகரின் உள்தெருக்களில் அதனை நிறுத்த இடம் தேடுவதும் எளிதன்று.

வண்டியைப் பார்க்கச் செல்வோர் பகல் வெளிச்சத்தில், மழையில்லாத வேளையில் செல்க. பளபளக்கும் பெயிண்டைக் கண்டு மயங்க வேண்டா. ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி உடற்பகுதியில் ஓட்டிப் பார்த்தால், இரும்பு உள்ள இடத்தில் ஒட்டும். துருவை மறைத்துப் பட்டி பூசிய இடத்தில் ஒட்டாது. நகரும் கதவின் கீழ்ப்பட்டை, சக்கர வளைவுகள், கூரையோரத்து நீர்வழி, தரைத்தகடு ஆகியவை துருவின் முதல் இருப்பிடங்கள். மிதியடியைத் தூக்கித் தரையைத் தட்டிப் பார்த்தல் இன்றியமையாதது. தரையில் ஓட்டை இருப்பின் அது உறுதியின் குறை மட்டுமன்று. எஞ்சின் ஓடும்போது புகைக்காற்று அதன் வழியே உள்ளே புகும். அதே இடத்தில் இரவில் படுக்கப் போகிறவர் இதனைச் சிறு குறை என்று எண்ணலாகாது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே கிளப்பச் சொல்லுங்கள். முன்னதாகவே சூடாக்கி வைத்திருந்தால் ஐயுறுக. சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகிறது; கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும்; சூடேறிய பின்னும் நில்லாத வெண்புகை, குளிர்நீர் உள்ளே கசிவதைக் காட்டும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும்; 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். மேலும், இப்போது விற்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்துள்ளது. மிகப் பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்களும் வாஷர்களும் அதற்கென ஆக்கப்பட்டவை அல்ல. வாங்கியவுடன் எரிபொருள் குழாய்களை மாற்றிவிடுதல் நலம்.

அடுத்தது பத்திரங்கள். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர்ச் சோதனைக்குட்படுத்தி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கார்களின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025ஆம் ஆண்டில் 10,000 ரூபாயாக்கப்பட்டது. ஆகவே 14 ஆண்டான வண்டியை ‘மலிவு’ என்று வாங்குபவர், அடுத்த ஆண்டின் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். சேசிஸ் எண், எஞ்சின் எண் ஆகியவற்றைப் பதிவுச் சான்றோடு நேரில் ஒப்பிடுக. கடன் நிலுவை, அபராதம் ஆகியவற்றை அரசின் பரிவாகன் தளத்தில் காணலாம். ஓசூரில் வண்டி மலிவாகக் கிடைத்தது என்று தமிழ்நாட்டுப் பதிவோடு கொணர்வோரும் உண்டு. 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அம்மாநிலப் பதிவெண் பெற வேண்டும் என்பது சட்டம். அதனோடு கர்நாடக வரியும் சேரும்.

சட்டத்தில் மிக முக்கியமானது ஒன்றுண்டு. வண்டியின் அமைப்பைத் தன் விருப்பப்படி மாற்ற உரிமையாளருக்கு உரிமையில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இதனைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் வகுத்த அமைப்பிற்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தச் சட்டம், அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடந்தந்தது. தனியார் பயன்பாட்டிற்கான குடில்வேன் என்னும் வகையை நம் சட்டம் ஏற்கிறது. அத்தகைய வண்டிகளுக்கென ஏ.ஐ.எஸ். 124 என்னும் தரவிதியும் உண்டு. எனவே கூரையை வெட்டுதல், இருக்கைகளை நீக்குதல் முதலியவற்றை நினைப்போர் பட்டறைக்குச் செல்லுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்குச் செல்க. விடையை எழுத்தில் பெறுக. விபத்தொன்று நேர்ந்தால், அனுமதியற்ற மாற்றத்தைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்கக்கூடும்.

வண்டி கிடைத்தது, இனி அதில் வாழ்வதைப் பார்ப்போம். முதற்கவலை காற்று. மூடிய வேனுக்குள் அடுப்பெரித்தாலும், கரி மூட்டினாலும், எஞ்சினை ஓடவிட்டுத் தூங்கினாலும் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொல்லும். சமையல் எரிவாயுவோ காற்றினும் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே மேலே சன்னல் திறந்திருப்பது மட்டும் போதாது. தரைமட்டத்திலும் காற்றுவழி வேண்டும். ஐந்து கிலோச் சிறு சிலிண்டர், முகவரிச் சான்று இன்றி அடையாளச் சான்றைக் காட்டியே கிடைக்கிறது. எனினும் சமைப்பதை வண்டிக்கு வெளியே வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

அடுத்து மின்சாரம். சிறு மின்விசிறி 20 வாட் வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் 160 வாட்-மணி, விளக்கு 40, கைப்பேசிகள் 30, மடிக்கணினி நான்கு மணி நேரத்திற்கு 200. ஆக நாளொன்றுக்கு 430. பன்னிரண்டு வோல்ட்டில் 100 ஆம்பியர்-மணி கொண்ட ஈய மின்கலத்தில் 1,200 வாட்-மணி இருப்பினும், பாதிக்குமேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே 600 என்றே கொள்க. கூரையில் 200 வாட் தகடு வைத்தால் நல்ல வெயில் நாளில் அதனை நிரப்பலாம். மழை நாளில் இயலாது. மேலும், வண்டியை மரநிழலில் நிறுத்தினால் மின்சாரம் குறையும். வெயிலில் நிறுத்தினால் உள்ளே இருக்க இயலாது. பெங்களூரு கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரவு தணிகிறது. சென்னையிலோ மதுரையிலோ சித்திரை மாதத்தில் இந்த இரும்புப் பெட்டிக்குள் உறங்குவது பெருந்துன்பமாகும்.

எடையையும் எண்ணுக. இருபது லிட்டர்க் குடம் இரண்டு என்றால் நீர் மட்டுமே 40 கிலோ. பதிவுச் சான்றில் வெற்று எடையும் சுமையோடு கூடிய எடையும் குறிக்கப்பட்டிருக்கும். இரண்டின் வேறுபாட்டிற்குள் ஆட்களும் பொருள்களும் அடங்க வேண்டும்.

இவையனைத்தினும் கடினமானது, நிறுத்தும் இடம். தெரு அனைவர்க்கும் பொது. ஆனால் ஒரு வீட்டின் வாயிலில் இரவுதோறும் வேற்று வண்டி நிற்பதை எவரும் விரும்பார். விவேக் நகரில் குழந்தை இயேசு ஆலயத்திற்கு வியாழக்கிழமைதோறும் கூட்டம் திரள்வதால் அன்று சுற்றுத் தெருக்களில் நகரவும் இடமிராது. கழிவுநீரை ராஜகால்வாயில் ஊற்றுவது குற்றம் மட்டுமன்று. அக்கம்பக்கத்தாரின் நல்லெண்ணத்தை ஒரே நாளில் இழக்கும் வழியும் ஆகும். ஆகையால் காம்பவுண்டுக்குள் இடமுள்ள ஒருவரிடம் சிறு வாடகைக்கு இடமும், நீரும், கழிப்பறையும் பேசிக்கொள்ளாமல் வண்டி வாங்குவது, கிணறு வெட்டாமல் ஏற்றம் கட்டுவதற்கு ஒப்பாகும்.

முகவரி இல்லாதவர் குடிமகன் அல்லாதவர் ஆகிவிடுவதில்லை. வீடற்றோர் வாக்காளர் பட்டியலில் சேர விண்ணப்பித்தால், அவர் குறித்த இடத்தில் உறங்குகிறாரா என்று வாக்குச்சாவடி அலுவலர் இரவில் சென்று பார்த்துச் சேர்க்கத் தேர்தல் ஆணையம் வழிவகுத்துள்ளது. வங்கி, காப்பீடு, தபால் ஆகியவற்றுக்கோ உறவினர் ஒருவரின் நிலையான முகவரி துணைநிற்றல் நன்று.

முடிவாக, தொடக்கத்தில் கண்ட கணக்கிற்குத் திரும்புவோம். முன்பணம் ஒருவகைச் சேமிப்பு. வீட்டைக் காலி செய்யும்போது வெள்ளையடிப்புப் போன்றவற்றிற்குக் கழித்தது போக மீதி திரும்பும். வேனில் இட்ட பணம் ஆண்டுதோறும் தேயும். ஆகவே முன்பணத்தையும் வண்டி விலையையும் ஒப்பிடுவது பிழை. மாத வாடகையை ஒருபுறமும், இடவாடகை, பழுது, எரிபொருள், காப்பீடு, வெளியுணவு ஆகியவற்றை மறுபுறமும் வைத்தே நிறுக்க வேண்டும். வண்டி பட்டறையில் நிற்கும் நாளில் வீடும் பட்டறையில் நிற்கும். அந்நாளில் எங்கே உறங்குவது என்பதற்கு விடை வைத்திருப்பவரே இம்முயற்சிக்கு உரியவர். குழந்தைகளும் முதியோரும் உள்ள குடும்பத்திற்கு இது ஏற்றதன்று. தனியாளோ, ஒருமனப்பட்ட இருவரோ, முதலில் ஒரு மாதம் வாடகை வேனொன்றில் மழையிலும் வெயிலிலும் வாழ்ந்து பார்க்கட்டும். அதன்பின்னும் விருப்பம் குன்றாதிருந்தால், துருவில்லாத தரையும், தெளிவான பத்திரமும், நிறுத்த ஓரிடமும் உள்ள வண்டியைத் தேடட்டும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் விலை எவ்வளவு மலிவாயினும் விட்டுவிடுவதே நலம்.