ஓய்வுக்கு ஓர் ஊர் – 7: எஃகில் கட்டிய அணை

அரிசோனா மாநிலத்தில் உள்ள செலிக்மன் ஊரின் முடிதிருத்துநர் ஏஞ்சல் டெல்கடில்லோ, 59 வயதில் ஊர்க்காரர்களைச் சேர்த்துக்கொண்டு ரூட் 66 சாலைக்கு உயிர் கொடுத்த கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. தவறவிட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் மருத்துவமனைகளைப் பற்றி என்று அறிவித்திருந்தேன். ஆனால் செலிக்மனிலிருந்து கிழக்கே 25 மைல் தள்ளி, ஆஷ் ஃபோர்க் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் நிற்கும் ஓர் அணை குறுக்கே வந்துவிட்டது.

அணை என்றால் கல்லும் மண்ணும் கான்கிரீட்டும்தான் நினைவுக்கு வரும். இது எஃகு அணை. வளைந்த எஃகுத் தகடுகளை வரிசையாக நிறுத்தி, பின்னால் சாய்வான எஃகுத் தாங்கிகளை முட்டுக் கொடுத்து, ஒரு பள்ளத்தாக்கையே அடைத்திருக்கிறார்கள். எஃகுப் பகுதியின் நீளம் 184 அடி, உயரம் 46 அடி. இரு கரையிலும் கல்கட்டு. கட்டிய ஆண்டு 1898. உலகிலேயே முதல் பெரிய எஃகு அணை இதுதான். அமெரிக்காவில் இந்த வகையில் மொத்தம் மூன்றே அணைகள் எழுந்தன. மொன்டானாவில் கட்டியது 1908-ல் உடைந்துபோனது. மிச்சிகனில் உள்ளது தண்ணீரைத் தேக்கும் வேலையை விட்டு நெடுநாளாகிறது. ஆஷ் ஃபோர்க் அணை இன்னமும் நிற்கிறது.

பாலையில் பகலுக்கும் இரவுக்கும் வெப்பம் வெகுவாக மாறும். எஃகு நீளும், சுருங்கும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். ஒரு தகடு இறுகப் பிணைந்தது, அடுத்தது நெகிழ்ந்து கொடுப்பது என்று மாற்றி மாற்றி அமைத்தார்கள். வெள்ளம் வந்தால் அணையின் தலைக்கு மேலேயே வழிந்து போகட்டும் என்பது திட்டம். 120 ஆண்டுகளுக்கும் மேலாகத் துருவையும் பனியையும் தாங்கி நிற்கிற அந்தத் தகடுகளைப் பார்த்தால், ஊரைக் காப்பாற்ற யாரோ உயிரைக் கொடுத்து வேலை செய்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

உண்மையில் அதைக் கட்டியது ஊர் மக்களுக்காக அல்ல, ரயில் எஞ்சினுக்காக. சான்டா ஃபே ரயில்பாதை இந்த வறண்ட மேட்டுநிலத்தின் வழியே போனது. நீராவி எஞ்சின் நிலக்கரியைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும். 3.6 கோடி கேலன், அதாவது சுமார் 13.6 கோடி லிட்டர் தேங்கும்படி கட்டிய அந்த அணையும் போதவில்லை. தெற்கே டெல் ரியோ என்ற ஊற்றுப் பகுதியை ரயில் நிறுவனம் வாங்கி, அங்கிருந்து தொட்டி வண்டிகளில் தண்ணீர் ஏற்றி ஊர் ஊராக அனுப்பியது. ஆஷ் ஃபோர்க்கும் செலிக்மனும் அந்தத் தண்ணீரைக் குடித்த ஊர்கள்தான். டெல் ரியோவிலேயே ஃப்ரெட் ஹார்வி நிறுவனம் பால்பண்ணையும் கோழிப்பண்ணையும் வைத்திருந்தது. ரயில் பயணிகளின் காலைச் சிற்றுண்டிக்குப் பாலும் முட்டையும் அங்கிருந்து போயின. டீசல் எஞ்சின் வந்ததும் சான்டா ஃபே அதை முதலில் ஓட்டிய இடங்களில் ஒன்று வின்ஸ்லோவுக்கும் பார்ஸ்டோவுக்கும் இடைப்பட்ட இதே பாலைப் பகுதி. எஞ்சினுக்குத் தண்ணீர் சுமக்கவே தனியாக ரயில் விட வேண்டியிருந்த பாதையில் வேறு என்ன செய்வார்கள்!

நூறு ஆண்டு கழித்து இன்று அந்த மேட்டுநிலத்தில் தண்ணீர் சுமந்துகொண்டிருப்பவர்கள், பணி ஓய்வு பெற்று வந்து குடியேறியவர்கள்.

ஆஷ் ஃபோர்க்கின் தலையில் விழுந்த அடிகள் மூன்று. 1960-ல் ரயில் நிறுவனம் பிரதான பாதையை வடக்கே தள்ளிப் போட்டது. 1977-ல் ஒரு தீ கடைவீதியில் பெரும்பகுதியைத் தின்றது. 1979-ல் ஐ-40 விரைவுச்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. இன்று ஊரில் இருப்பவர்கள் நானூறு பேருக்கும் குறைவு. சுற்றுவட்டாரத்தில் வெட்டியெடுக்கும் தட்டைக்கல்தான் முக்கியத் தொழில். தரையில் பாவும் கல்லின் உலகத் தலைநகர் என்று ஊர்க்காரர்கள் பெருமையோடு சொல்வார்கள். பழைய பெட்ரோல் பங்க் ஒன்று முடிதிருத்தகமாகி, அதன் கூரைமேல் 1960-ஆம் ஆண்டு டிசோட்டோ கார் ஒன்று நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் எல்விஸ் பிரெஸ்லியின் பொம்மை. ரூட் 66-ல் போகிற யாரும் அங்கே வண்டியை நிறுத்தாமல் இருப்பதில்லை.

இப்படி ஒதுங்கிப்போன ஊர்களில்தான் ஓய்வு பெற்றவர்கள் இடம் தேடுகிறார்கள். காரணங்களும் நியாயமானவை. கடல்மட்டத்திலிருந்து 5,000 அடிக்கு மேலே இருப்பதால் ஃபீனிக்ஸ் நகரின் கோடைக் கொதிப்பு இங்கே இல்லை. அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கு அரிசோனா மாநிலம் வருமான வரி போடுவதில்லை. இரவில் வானம் முழுக்க நட்சத்திரம். கலிஃபோர்னியாவில் ஒரு வீட்டை விற்ற பணத்துக்கு இங்கே பண்ணை நிலமே கிடைக்கும்.

நிலத்தை வாங்குகிற இடத்தில்தான் கண் திறந்திருக்க வேண்டும். அரிசோனாச் சட்டப்படி, 36 ஏக்கருக்குக் குறைவான மனைகளாக ஆறோ அதற்கு மேலோ பிரித்து விற்றால்தான் அது குடியிருப்பு மனைப்பிரிவு. அப்போதுதான் விற்பவர் தண்ணீர் இருக்கிறதா என்ற ஆய்வுக்கு உட்பட்டு, வாங்குபவருக்கு அதைத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் முழுமையாக வருகிறது. ஐந்தோடு நிறுத்திக்கொண்டால் அந்த விதி தொடாது. பழைய மாட்டுப் பண்ணைகள் 36 ஏக்கர், 40 ஏக்கர் துண்டுகளாக விலைக்கு வருவதற்கும் இந்தக் கணக்குதான் பின்னணி. பத்திரம் கைக்கு வரும். குழாய் வராது.

கிணறு தோண்டலாமே என்று கேட்பார்கள். ஆஷ் ஃபோர்க்குக்கு அடுத்த ஊரான வில்லியம்ஸ் நகராட்சி தோண்டிய ஆழ்துளைக் கிணறுகள் 3,000 அடிக்கும் மேல் போகின்றன. ஒரு நகராட்சிக்கே பெரும்பாடு. தனி ஆள் ஓய்வூதியத்தில் எட்டிப் பார்க்கிற ஆழம் அல்ல அது. அந்த வில்லியம்ஸ் கூட 2014 பிப்ரவரியில் நீர்த்தேக்கங்கள் வற்றி, குடிநீரால் கார் கழுவக் கூடாது, செடிக்கு ஊற்றக் கூடாது என்று தடை போட வேண்டியிருந்தது.

ஆக, சுமப்பது ஒன்றே வழி. ஊருக்குள் தண்ணீர் விற்கும் குழாயடிக்குப் பிக்கப் வண்டியோடு போக வேண்டும். பின்தட்டில் இரும்புக் கூண்டுக்குள் ஒரு சதுர பிளாஸ்டிக் தொட்டி. 275 கேலன், சுமார் 1,040 லிட்டர் கொள்ளும். மேல்மூடியைத் திருகித் திறந்து தடித்த ரப்பர்க் குழாயைச் செருக வேண்டும். தொட்டி நிறைய நிறைய வண்டியின் பின்புறம் தாழ்ந்து, சக்கரத்தின் மேல்வளைவு டயரை நெருங்கும். ஒரு டன் எடை அது. ‘அரை டன்’ என்று சொல்லப்படும் பல பிக்கப்களின் அனுமதிச் சுமையைத் தாண்டிவிடும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் தனி டிரெய்லரில் ஏற்றுவார்கள், இல்லையேல் தொட்டியை முக்கால் அளவோடு நிறுத்துவார்கள். அரைகுறையாக நிரப்பினால் வேறு ஆபத்து: தண்ணீர் அலம்பி, வளைவில் வண்டியை இழுக்கும். செம்மண் பாதையில் மெதுவாக வந்து, வீட்டு மேட்டில் நிற்கும் பெரிய தொட்டிக்கு மோட்டார் வைத்து ஏற்ற வேண்டும். பனிக்காலத்தில் குழாயின் மூட்டில் தங்கிய சொட்டுத் தண்ணீர் இரவில் உறைந்து மூட்டையே பிளந்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் குழாயைத் தோளுக்கு மேல் உயர்த்தி, கைமாற்றி நடந்து, கடைசிச் சொட்டுவரை வடியவிட்டுத்தான் சுருட்டுவார்கள்.

கணவன் மனைவி இருவரும் ஆளுக்கு நாளொன்றுக்கு 30 கேலன் என்று சிக்கனமாகப் புழங்கினால் ஒரு நடை தண்ணீர் நாலரை நாளுக்கு வரும். 2,500 கேலன் தொட்டியை டேங்கர் லாரி வைத்து நிரப்பினால் ஆறு வாரம் கவலையில்லை. 62 வயதில் இது உடற்பயிற்சி மாதிரி இருக்கும். 82 வயதில் இதை யார் செய்வது? நிலம் பார்க்கப் போகும் அன்றே கேட்க வேண்டிய கேள்வி இது.

லாரிக்குக் காசு கொடுத்தால் தீர்ந்தது என்றும் இருக்க முடியாது. ஃபீனிக்ஸுக்கு வடகிழக்கே ரியோ வெர்டே ஃபுட்ஹில்ஸ் என்ற பகுதி. ஐந்து மனை விதியைப் பயன்படுத்தி முளைத்த வீடுகள் அங்கே நிறைய. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஸ்காட்ஸ்டேல் நகரத்திலிருந்து லாரியில் தண்ணீர் வாங்கி வந்தன. கொலராடோ ஆற்றில் தட்டுப்பாடு வந்தது. எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு இனி இல்லை என்று 2023 ஜனவரி 1 முதல் நகரம் நிறுத்திக்கொண்டது. லாரிகள் வெகுதூரம் அலைந்தன, செலவு ஏறியது, வாளியில் மழைத் தண்ணீர் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றியவர்கள் உண்டு. மாநிலச் சட்டமன்றம் தலையிட்டுத்தான் அந்த ஆண்டு நடுவில் வழி பிறந்தது. அவர்கள் ஏமாளிகள் அல்லர். நல்ல வீடுகள், படித்தவர்கள். தண்ணீர் யாருடையது என்று மட்டும் கேட்காமல் இருந்துவிட்டார்கள்.

ஆறுதலான கணக்கு ஒன்றும் உண்டு. 1,500 சதுர அடிக் கூரைமேல் ஓர் அங்குல மழை பெய்தால் 930 கேலன் விழுகிறது. இந்த மேட்டுநிலத்தில் ஆண்டுக்கு ஓர் அடிக்கு முன்பின்னாக மழையும் பனியும் உண்டு. தகரக் கூரை, சரியான வாரி, மூடிய தொட்டி இருந்தால், ஆவியாவதும் சிந்துவதும் போக, மேலே சொன்ன தம்பதியின் ஆண்டுத் தேவையில் மூன்றில் ஒரு பங்காவது வீட்டுக் கூரையிலிருந்தே வந்து சேரும். வீடு கட்டும்போதே கூரையை அதற்கென்று திட்டமிட வேண்டும். பிறகு மாற்றுவது இரட்டைச் செலவு.

மருத்துவமனைக்கு வர இடமில்லாமல் போயிற்று. வட அரிசோனாவின் பெரிய மருத்துவமனை ஃபிளாக்ஸ்டாஃபில் இருக்கிறது. ஆஷ் ஃபோர்க்கிலிருந்து ஐ-40 வழியே 50 மைல், பெரும்பாலும் ஏற்றம். ஜனவரியில் பனி கொட்டும் இரவில் நெஞ்சுவலி வந்தவரை அந்த ஏற்றத்தில் எப்படிக் கொண்டுபோகிறார்கள் என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)