சுரண்டிக் கல்

கற்காலக் கருவி என்றதும் நம்மில் பெரும்பாலோர் மனக்கண்ணில் தோன்றுவது, இருபுறமும் செதுக்கப்பெற்று, நுனி கூர்ந்து, உள்ளங்கையை நிறைத்துக் கம்பீரமாக விளங்கும் கைக்கோடாரிதான். 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் தேதி, பல்லாவரத்தில், படைவீரர்களின் அணிவகுப்பு மைதானத்துச் சரளைக் குழியிலிருந்து ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர், செதுக்கப்பெற்ற கல்லொன்றைக் கண்டெடுத்து, இந்திய தேசத்தின் பூர்வ சரித்திரத்துக்குத் தொடக்கம் செய்துவைத்த நாள்தொட்டு, கைக்கோடாரிக்குக் கிட்டிய கீர்த்திக்குக் குறைவேயில்லை. அதன் நிழலில், பார்த்தவர் எவரும் வெறுஞ்சில்லு என்று ஒதுக்கிவிடத் தக்க சாமானியக் கருவியொன்று கிடக்கிறது. அதற்குச் சுரண்டி என்று பெயர்.

வேட்டையில் விழுந்த மிருகத்தின் தோலை உரித்துவிட்டால் மட்டும் அது போர்வையாகிவிடாது. உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கொழுப்பையும் சவ்வையும் வழித்தெடுக்காவிட்டால் சில நாட்களிலேயே அழுகி நாறும். அந்த வேலைக்குக் கத்தி உதவாது. மெல்லிய அலகு தோலைப் பொத்தலாக்கிவிடும். ஆகவே, அறுக்கும் விளிம்பு எவ்வளவு மெலிந்திருக்க வேண்டுமோ, அவ்வளவுக்குச் சுரண்டும் விளிம்பு தடித்தும் சரிந்தும் இருப்பது அவசியமாயிற்று. ஈட்டிக் காம்பை வழவழப்பாக இழைப்பதற்கோ, பிறைபோல் உட்குழிந்த விளிம்புடைய சுரண்டி வேண்டியிருந்தது.

சுரண்டியைக் கண்டுபிடிப்பது எவ்விதம்? முதலில், கையிலுள்ள கல் மனிதன் உடைத்த சில்லா என்று பார்க்க வேண்டும். ஒரு கல்லை மற்றொரு கல்லால் அதன் ஓரத்தில் ஓங்கித் தட்டும்போது பிரிந்து விழும் சில்லின் ஒரு முகம் சமதளமாக இருக்கும். அந்த முகத்தில், அடி விழுந்த இடத்துக்குச் சற்றுக் கீழே, சிப்பியின் முதுகுபோல ஒரு புடைப்பும், குளத்தில் கல்லெறிந்தால் எழும் வளையங்களைப் போன்ற அலைக்கோடுகளும் காணப்படும். ஆனால் இந்த லக்ஷணங்கள் சில்லுக்கு உரியவையே தவிரச் சுரண்டிக்கு உரியவை அல்ல. சுரண்டியின் அடையாளம் அதன் விளிம்பில் இருக்கிறது. விளிம்பை நெடுக நோக்கினால், நகத்தால் கிள்ளி எடுத்தாற்போன்ற சிறு சிறு தழும்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, பெரும்பாலும் ஒரே முகத்தில், ஒரே சரிவில், வரிசை தவறாமல் அமைந்திருக்கும். அந்த ஒழுங்குதான் சாட்சி.

இந்த இடத்தில்தான் ஏமாற்றமும் காத்திருக்கிறது. மாட்டு வண்டிச் சக்கரமும் கலப்பைக் கொழுவும் கல்லின் ஓரத்தைக் கடித்துத் தழும்பு உண்டாக்கும். சாலைக்கு உடைத்துக் குவித்த ஜல்லியிலுங்கூட மேற்சொன்ன புடைப்பு நன்றாகவே தெரியும். இத்தகைய கல்லொன்றைக் கைக்குட்டையில் முடிந்து வீடு கொண்டுவந்து, இரண்டு நாள் ஆனந்தித்துப் பிறகு அசடு வழிந்தவன் நான் என்பதால், ஒரு யுக்தி சொல்லலாம்: தழும்பின் நிறத்தைக் கவனியுங்கள். கல்லின் மேனியெல்லாம் காலத்தின் பழுப்பேறியிருக்க, விளிம்பின் தழும்பு மட்டும் வெளிறிப் புதிதாக மின்னினால், அது அண்மையில் பட்ட அடியே.

வடிவத்தை மட்டும் நம்புவதும் பிசகு. ஃபிரெஞ்சு ஆராய்ச்சியாளர் ஃபிரான்சுவா போர்து, இடைப் பழைய கற்காலத்துச் சில்லுக் கருவிகளை 63 வகைகளாகப் பிரித்தபோது, அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவற்றைச் சுரண்டிகளுக்கே ஒதுக்கினார். பின்னர் ஹரால்டு டிபிள் என்னும் அமெரிக்க அறிஞர், இந்த வகைகளில் பல வெவ்வேறு கருவிகளே அல்ல, ஒரே கருவி மழுங்க மழுங்கத் தீட்டப்பெற்றுத் தேய்ந்துவந்த வெவ்வேறு பருவங்கள் என்று வாதித்தார். டிபிளின் பக்கமே என் மனம் சாய்கிறது. ஏனெனில், எதியோப்பியாவின் தென்பகுதியில் கொன்சோ இனத்துப் பெண்கள், நம் காலத்திலேயே, கற்சுரண்டியை மரக்கைப்பிடியில் பொருத்தி மாட்டுத்தோலை வழிப்பதையும், விளிம்பு மழுங்கும்போதெல்லாம் தட்டிக் கூராக்கி, கல் சிறுத்துப் பயனற்றுப் போனபின் வீசியெறிவதையும் ஆராய்ச்சியாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள். நமக்குக் கிடைப்பவற்றுள் பல அப்படி வீசியெறியப்பட்ட மிச்சமாகத்தான் இருக்க வேண்டும்.

இவ்வளவு அற்பமான பொருளுக்கு எத்தனை மதிப்பு என்பதைத் திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கம் காட்டிற்று. கொசஸ்தலையாற்றுப் பகுதியிலுள்ள அந்த இடத்தையும் 1863லேயே ஃபூட்டும் அவருடைய சகா வில்லியம் கிங்கும் கண்டறிந்தார்கள். சாந்தி பப்புவும் அவருடைய குழுவினரும் 1999 முதல் அங்கே நடத்திய அகழாய்வில், பெரிய கைக்கோடாரிகள் அருகி, சில்லுகளால் ஆன சிறு கருவிகள் பெருகிவரும் மாறுதல் மண்ணடுக்குகளில் தெரிந்தது. அம்மாறுதல் ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இல் வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்ட நம்மையொத்த மனிதரே பிற்காலத்தில் இந்த வித்தையை இந்தியாவுக்குக் கொணர்ந்தார்கள் என்றிருந்த கொள்கை அதனால் ஆட்டங்கண்டது. இந்தக் காலக்கணக்கைச் சொன்னது கருவிகள் அல்ல, அவை கிடந்த மண். மண்ணைவிட்டு எடுத்த சுரண்டி ஊமைக் கல்.

ஆகவே, சேகரிப்பு என்னும் சொல்லையே சற்று அச்சத்தோடு உச்சரிக்கிறேன். ஃபூட் தம் வாழ்நாளெல்லாம் திரட்டியவை 1904இல் சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. ஒவ்வொன்றும் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதிவைத்த அட்டவணை, அவர் மறைந்த பிறகு 1914இல் அச்சாயிற்று. அந்த அட்டவணை இல்லாவிடில் அத்தனையும் கற்குவியலே. தொல்பொருளை அரசு உரிமமின்றி வியாபாரம் செய்வதும், தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் வைப்பது நலம்.

கண் பழக வேண்டுமானால் பூண்டியிலுள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் சென்று வாருங்கள். பிறகு எந்த ஓடைக்கரையிலேனும் அந்தத் தழும்பு வரிசை கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்துப் படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கல் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.