ஐந்து கம்பி மர்மம்!

பட்டாபிராமில் மின்சார ரயிலேறிச் சென்னைக்கு வந்து, அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் டிரான்ஸ்பார்மர் ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பும் இளைஞர்கள் உண்டு. ஆம்ப்ளிஃபயரோ, பவர் சப்ளையோ சொந்தக் கையால் செய்து பார்க்கும் ஆசை! ஆசை நல்லதுதான். ஆனால் பையைப் பிரித்ததும் ஐந்து கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கும். எது எங்கே போக வேண்டும்? இங்கேதான் ஆபத்து.

1831-ல் மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்சாரம் மாறும்போதெல்லாம், அதைத் தொடாத மற்றொன்றிலும் மின்சாரம் தலைகாட்டியது. நம் டிரான்ஸ்பார்மர் அந்த வளையத்தின் பேரப்பிள்ளை. சுற்றுகள் குறைந்த அளவுக்கு வோல்ட்டும் குறையும். 230 வோல்ட் 12 ஆவது இப்படித்தான். பாட்டரியின் மாறாத மின்சாரத்தைக் கொடுத்தால் சுருள் சூடேறுவதே மிச்சம்.

'12-0-12' ரகத்தில் இரண்டு கம்பிகள் பிரைமரி. மற்ற மூன்றும் செகண்டரி. அதில் நடுக்கம்பிதான் பூஜ்யம். நிறத்தை நம்பாதீர்கள், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டரை ஓம் பக்கம் திருப்புங்கள். மெல்லிய கம்பியில் ஏராளமான சுற்று இருப்பதால் பிரைமரியில் ஓம் அதிகம். தடித்த செகண்டரியில் மிகச் சொற்பம். மாற்றிச் செருகினால்? ஃப்யூஸ் போனால் அதிர்ஷ்டம். இல்லையேல் புகை!

முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது மெக்கானிக்குகள் ஒரு தந்திரம் செய்வார்கள். பிரைமரிக்குத் தொடராக 60 வாட் குண்டு பல்பு (எல்.இ.டி. உதவாது). பல்பு எரியாமலோ மங்கலாகவோ இருந்தால் சரி. பளிச்சென்று எரிந்தால் உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஓரக் கம்பிகள் இரண்டுக்கும் ஆளுக்கொரு டயோட். இரண்டின் மறுமுனையும் சேரும் இடம் பிளஸ். பூஜ்யக் கம்பி மைனஸ். இவற்றுக்கு நடுவே கண்டென்சர். 12 வோல்ட்தானே என்று 16 வோல்ட் கண்டென்சர் வாங்கிவிடுகிறார்கள். 12 என்பது சராசரிக் கணக்கு போன்றது. அலையின் உச்சி ஏறக்குறைய 17. டயோட் முக்கால் வோல்ட்டை விழுங்கினாலும், சுமையில்லாதபோது 18 வரைகூட ஏறும். வெடித்த கண்டென்சரின் உறை கண்ணைப் பதம் பார்க்கும். 25 வோல்ட் கண்டென்சரே வாங்குங்கள். விலை வித்தியாசம் சில்லறைதான்.

ஃப்யூஸை லைன் கம்பியில் போடுங்கள். இரும்புச் சட்டத்தை மூன்றாவது பின்னின் எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். இதில் சோம்பல் கூடாது.

எல்லாம் முடிந்து செகண்டரியில் மீட்டர் வைத்தால் 13, 14 என்று காட்டலாம். கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். சுமை ஏறியதும் 12-க்கு இறங்கிவிடும்.