கோபே கற்பித்த ஆயத்தம்

1995 ஜனவரி 17, விடியற்காலை 5.46 மணி. ஜப்பானின் கோபே நகரம் உறங்கிக்கொண்டிருந்தபோது நிலம் அதிர்ந்தது. மாண்டோர் 6,400 பேருக்கும் மேல். அவர்களுள் பெரும்பாலோர் இடிந்த வீடுகளிலும் சாய்ந்த அலமாரிகளின் அடியிலும் நசுங்கி உயிரிழந்தவர்கள். பழைய மரவீடுகளின் மேல் பாரமான ஓட்டுக்கூரை இருந்ததும் ஒரு காரணம்.

எனவே ஆயத்தம் படுக்கையறையில் தொடங்க வேண்டும் என்பேன். உயரமான அலமாரியை இரும்புப் பட்டையால் சுவரோடு பிணைக்க வேண்டும்; சாய்ந்தாலும் வாயிலை அடைக்காத இடத்தில் அது நிற்க வேண்டும். தலைமாட்டில் செருப்பும் டார்ச் விளக்கும் தேவை. இருளில், உடைந்த கண்ணாடியின்மேல் வெறுங்காலுடன் நடக்க இயலுமா? குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர், மூன்று நாட்களுக்கேனும் இருக்கட்டும். கடப்பாரையும் ரம்பமும் வேண்டும். கோபேயில் சிக்கியோரில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் வீட்டாரும் அண்டை வீட்டாருமே.