வாசலில் தொங்கும் கூடு

பெருநாள் நெருங்கினால் வீடு முழுக்க ஒட்டடை அடித்துச் சுத்தம் செய்வது நம் வழக்கம். அப்போது வாசல் பக்கத்துக் கொடிக்கயிற்றிலோ, மின்கம்பியிலோ குப்பை சிக்கியதுபோல் ஏதாவது தொங்கினால், அதை இழுத்துப் போடுமுன் சற்று நின்று பார்ப்போம். அது தேன்சிட்டின் கூடாக இருக்கலாம்.

தமிழகத்திலும் இலங்கையிலும் வீட்டுத் தோட்டங்களுக்கு வழக்கமாக வருவது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. 10 செ.மீ. நீளம்கூட இருக்காது. ஆணுக்கு உச்சந்தலையில் மின்னும் பச்சை, தொண்டையில் ஊதா, முதுகில் கருஞ்சிவப்பு, வயிற்றில் மஞ்சள். பெண் பறவை எளிமையானது. மேலே மங்கிய பழுப்பு, கீழே இளமஞ்சள்.

இதை ‘ஹம்மிங் பேர்ட்’ என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. ஹம்மிங் பறவைகள் அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே வாழ்பவை. அந்தரத்தில் நின்றபடி தேன் குடிப்பவை. தேன்சிட்டோ பெரும்பாலும் கிளையில் அமர்ந்துதான் வளைந்த அலகைப் பூவுக்குள் விடும். அலகு எட்டாத நீண்ட பூ என்றால் அடியில் துளையிட்டும் தேன் எடுத்துவிடும். பூவுக்குப் பூ தாவும்போது மகரந்தத்தையும் சுமந்து செல்கிறது.

ஆனால் தேனை மட்டும் கொடுத்துக் குஞ்சுகளை வளர்க்க முடியாது. அவற்றுக்குச் சிலந்திகளும் சிறு பூச்சிகளும் வேண்டும். கூடு இருக்கும் நாட்களில் செடிகளுக்குப் பூச்சிமருந்து தெளித்தால் குஞ்சுகளின் உணவில்தான் கை வைக்கிறோம்.

கூடு கட்டும் வேலை முழுவதும் பெண் பறவையுடையது. மெல்லிய நார்களைச் சிலந்தி நூலால் பிணைத்து, பை போலத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் வாசல் வைக்கிறது. வெளியே மரப்பட்டைத் துணுக்குகளை ஒட்டிவிடும். பார்ப்பவருக்குக் குப்பையாகத் தெரிய வேண்டும். காக்கையின் கண்ணிலிருந்து தப்ப அதுவே வழி. அந்த மறைப்பே நம் கையில் அதற்கு ஆபத்தாகிவிடுகிறது.

வழக்கமாக 2 முட்டைகள். குஞ்சு பொரிக்க இரண்டு வாரம், பறந்து போக இன்னும் இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். ஆக, நாம் பொறுக்க வேண்டியது ஒரு மாதம்தான்.

அதுவரை துணியை வேறு கொடியில் காயப்போடலாம். பிள்ளைகள் கூட்டைத் தொடாமல், தள்ளி நின்று பார்க்கட்டும். அலைபேசியைக் கூட்டருகே நீட்டிப் படம் எடுக்க வேண்டாம். தாய்ப்பறவை மிரண்டு கூட்டையே விட்டுவிடக்கூடும். வீடெல்லாம் சுத்தமாகட்டும், அந்த ஒரு மூலையை மட்டும் அடுத்த மாதத்துக்கு விட்டுவைப்போம்.