வாசனை எண்ணெய்கள்: வீட்டில் எது உதவும், எது ஆபத்து?

வடக்கிலும் கிழக்கிலும் யூக்கலிப்டஸ் எண்ணெயோ வலித்தைலமோ இல்லாத வீடு குறைவு. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மருந்து எட்டாக்கனியானபோது, எமது அம்மாமாரும் அம்மம்மாமாரும் நொச்சியிலை, வேப்பெண்ணெய், கற்பூரம் கொண்டே குடும்பத்தைப் பார்த்தார்கள். அந்தப் பழக்கம் இன்றும் தொடர்கிறது. இப்போது லவண்டர், புதினா, சிட்ரொனெல்லா என்று சிறிய போத்தல்களும் பாமசிகளுக்கு வந்துவிட்டன. சுகாதாரப் பணியில் இருந்தவள் என்பதால், இவை வேலை செய்யுமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். சிலவற்றுக்கு உதவும், சில இடங்களில் உயிருக்கே ஆபத்தாகும்.

அளவுதான் முதலில்

இலை, பட்டை, பூ ஆகியவற்றை நீராவியில் வடித்து எடுப்பதே வாசனை எண்ணெய். இது நல்லெண்ணெய் போலக் கொழுப்பு அல்ல. ஒரு கூடை இலையை வடித்தால் கிடைப்பது சில தேக்கரண்டிதான்; அவ்வளவு காரம் அதில் அடங்கியிருக்கிறது. எனவே தோலில் நேரடியாகப் பூசக்கூடாது. ஒரு மேசைக்கரண்டி (15 மில்லிலீற்றர்) தேங்காயெண்ணெய்க்கு 6 சொட்டுக் கலந்தால் ஏறத்தாழ 2 வீதம். வயோதிபருக்கு 3 சொட்டுப் போதும். முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒரு நாள் பாருங்கள். கர்ப்பிணிகள் வைத்தியரைக் கேட்காமல் பாவிக்க வேண்டாம்.

கறுவா எண்ணெயிலும் இரண்டு வகை உண்டு. கறுவா இலை எண்ணெயில் கராம்பெண்ணெயில் உள்ள அதே யூஜினோல் அதிகம். பட்டை எண்ணெயோ தோலை எரித்துவிடும்; உடம்பில் பூச அது உகந்ததல்ல.

பிள்ளைகள் உள்ள வீடுகளில்

தடிமன் வந்தால் குழந்தையின் மூக்கடியில் தைலம் தடவும் வழக்கம் எம்மிடம் உண்டு. 2 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு அதைச் செய்யாதீர்கள். மென்தோல், கற்பூரம், யூக்கலிப்டஸ் ஆகியவற்றின் காரம் சிறு பிள்ளையின் மூச்சைத் தடைப்படுத்தக்கூடும். கற்பூரத்தையோ யூக்கலிப்டஸ் எண்ணெயையோ பிள்ளை விழுங்கினால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம்.

அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். போத்தலையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், அல்லது 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். ஆவி பிடிக்கும்போது கொதிநீர்ப் பானை கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவதும் உண்டு. சிறு பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவே வேண்டாம்.

காயத்தோடு வாழ்பவர்களுக்கு

ஜெய்ப்பூர் கால் போடுபவர்கள் தைலத்தை இரவில், காலைக் கழற்றிக் கழுவித் துடைத்த பிறகே பூச வேண்டும். காலையில் பூசிவிட்டு மாட்டினால் தோல் ஊறி உராய்ந்து புண்ணாகும். இல்லாத கால் வலிப்பதாக உணர்பவர்களுக்குத் தைலத்தின் பெயரை விட, எஞ்சிய பகுதியை மெதுவாக, ஒழுங்காகத் தடவிவிடுவதே கூடுதல் ஆறுதல் தரும். வெறும் தேங்காயெண்ணெயே அதற்குப் போதும்.

எரிகாயத் தழும்பில் சூடு, குளிர் சரியாகத் தெரியாது. அங்கே வலித்தைலம் பூசி மேலே சுடுநீர்ப் பை வைத்தால் வெந்தபின்தான் தெரியவரும். உடம்பில் செல் துண்டு உள்ள இடம் சிவந்து, சுட்டு, வீங்கினால் அது தைலத்துக்குரிய நோவு அல்ல, கிருமித்தொற்றாக இருக்கலாம். வைத்தியரிடம் காட்டுங்கள்.

பல வலித்தைலங்களில் மெத்தில் சலிசிலேற் இருக்கிறது. சுத்தமான விண்டர்கிறீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டி, 20க்கு மேற்பட்ட அஸ்பிரின் குளிசைகளுக்குச் சமம். இரத்தம் உறையாமல் இருக்க வார்பரின் எடுப்பவர்கள் இத்தகைய தைலத்தைத் தொடர்ந்து பூசுவது இரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

மணமும் நினைவும்

மணத்தை உணரும் நரம்புப் பாதை, நினைவையும் பயத்தையும் கையாளும் மூளைப் பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையது. அதனால்தான் புகை மணமோ மருந்து மணமோ ஒருவரை ஒரு நொடியில் முள்ளிவாய்க்காலுக்குக் கொண்டுபோய்விடுகிறது. அதே பாதையால் ஆறுதலையும் கொண்டுவரலாம். தனக்குப் பிடித்த மணத்தில் ஒரு சொட்டைக் கைலேஞ்சியில் விட்டு, பதற்றம் வரும்போது முகர்ந்து, மெதுவாக மூச்சு விடுவது சிலருக்கு நிகழ்காலத்துக்குத் திரும்ப உதவுகிறது. லவண்டர் மணம் பதற்றத்தைக் கொஞ்சம் தணிப்பதாகச் சிறிய ஆய்வுகளும் காட்டியுள்ளன.

ஆனால் மணத்தை அவரவரே தெரிவுசெய்ய வேண்டும். ஒருவருக்கு இதமான கற்பூர மணம் இன்னொருவருக்குச் செத்தவீட்டை நினைவூட்டலாம். வீடு முழுவதும் மணம் பரப்புமுன் வீட்டிலுள்ளவர்களைக் கேளுங்கள். நித்திரையின்மையும் கெட்ட கனவும் வாரக்கணக்கில் நீடித்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

நுளம்புக்கு எதிராக

சிட்ரொனெல்லா எண்ணெய் எமது நாட்டின் தெற்கிலேயே வடிக்கப்படுகிறது. அது நுளம்பை விரட்டும். ஆனால் விரைவில் ஆவியாவதால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நம்ப முடியாது. டெங்கு நுளம்போ பகலில் கடிக்கிறது. மாரி தொடங்கியதும் சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றில் தேங்கும் நீரைக் கொட்டுவதற்கு எந்த எண்ணெயும் ஈடாகாது.

போத்தலைப் பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், மூடியை இறுக்கி, அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி வையுங்கள். இவை எளிதில் தீப்பற்றும். தடிமனுக்கும் அலுப்புக்கும் தைலம் துணைநிற்கட்டும்; காய்ச்சலுக்கும் நெஞ்சுவலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் வைத்தியசாலைக்குப் போவதைத் தாமதிக்காதீர்கள்.